எஸ்போசித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் தோற்றமும் பரவலும்

முன்னுரை

தமிழியல் ஆய்வாளர்க்கு இத்தாலியக் குடும்பப் பெயர்கள் புதியன அல்ல. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்த இராபர்ட் தெ நொபிலியின் குடும்பப் பெயர் 'உயர்குடியினர்' என்னும் பொருளுடையது. தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் இயற்றிய வீரமாமுனிவர் வட இத்தாலியில் பெஸ்கி குடும்பத்தில் 1680இல் பிறந்தவர். இவ்விரு பெயர்களும் தம்மை உடையவரின் முன்னோரைச் சுட்டுவன. குடிவழியைத் தலைமுறைதோறும் ஏந்தி வருவன.

இத்தாலியின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்றாகிய 'எஸ்போசித்தோ' இதற்கு நேர்மாறான சூழலில் தோன்றியது. பெற்றோர் இன்னார் எனத் தெரியாத நிலையில் அறநிலையத்தின் வாயிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர் அது. முன்னோரைச் சுட்டவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, சுட்டுவதற்கு முன்னோர் இல்லை என்பதை அது அறிவித்தது. அத்தகைய பெயர் ஒரு மாநகரின் முதன்மைக் குடும்பப் பெயராக எவ்வாறு உயர்ந்தது என்பதையும், அதன் பரவல் எவற்றுக்குச் சான்றாகும், எவற்றுக்குச் சான்றாகாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெயர்களைக் காரணப் பெயர் என்றும் இடுகுறிப் பெயர் என்றும் பகுத்துக் காணும் தமிழிலக்கண மரபு இவ்வாய்வுக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

இத்தாலியில் குடும்பப் பெயர் நிலைபெற்ற முறை

தமிழர் மரபில் ஒருவர் பெயரின் முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்து மாறிவிடும். இத்தாலியிலோ தந்தையின் குடும்பப் பெயர் மாறாமல் மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் செல்லும். இம்முறையும் தொன்றுதொட்டு இருந்ததன்று. உரோமப் பேரரசின் பெயரிடு முறை சிதைந்தபின், பல நூற்றாண்டுகள் மக்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயராலேயே அழைக்கப்பெற்றனர். நகரங்கள் பெருகி, வணிகமும் சொத்துரிமையும் எழுத்துப் பதிவை வேண்டியபோது, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய இரண்டாம் பெயர் தேவைப்பட்டது. 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் பங்குகள்தோறும் திருமணப் பதிவேடு வைக்கவேண்டும் என வகுத்த விதி, குடும்பப் பெயர்கள் எளிய மக்களிடையேயும் நிலைபெற ஒரு முக்கியக் காரணமாயிற்று.

இத்தாலியக் குடும்பப் பெயர்களை அவற்றின் தோற்றம் நோக்கி நான்கு வகைப்படுத்துவது வழக்கம். 'தெ லூக்கா' போன்றவை தந்தை பெயரால் அமைந்தவை. 'ரொமானோ' போன்றவை ஊர்ப்பெயரால் அமைந்தவை. 'ஃபெராரி' கொல்லரைக் குறித்துத் தொழிலால் வந்தது. நாட்டில் முதலிடம் பெறும் 'ரோஸ்ஸி' செந்நிறத் தலைமுடியையோ சிவந்த முகத்தையோ குறித்து உடற்பண்பால் வந்தது. இந்நான்கிலும் அடங்காத சிறு பிரிவு ஒன்று உண்டு. குழந்தை கண்டெடுக்கப்பட்ட நிகழ்ச்சியையே பெயராக்கும் அப்பிரிவின் தலையாய சான்று எஸ்போசித்தோ ஆகும்.

சொல்லும் பொருளும்

'எக்ஸ்போனெரெ' என்னும் இலத்தீன் வினைக்கு 'வெளியே வைத்தல்' என்பது பொருள். அவ்வினையின் செயப்பாட்டு இறந்தகால வடிவம் 'எக்ஸ்போசித்துஸ்' என்பதாகும். இன்றைய இத்தாலியில் அவ்வடிவம் 'எஸ்போஸ்தோ' எனக் குறுகிவிட்டது. குடும்பப் பெயரோ இலத்தீன் வடிவத்தின் அசையமைப்பைப் பெரிதும் காத்து 'எஸ்போசித்தோ' என நிற்கிறது. பதிவேடுகளில் இலத்தீனில் எழுதப்பட்ட குறிப்பு பெயராக உறைந்துபோனதன் தடயம் இது எனலாம்.

தமிழிலக்கண நோக்கில் இச்சொல் 'வெளியே வைக்கப்பட்டவன்' எனப் பொருள்படும் வினையாலணையும் பெயர் ஆகும். செயப்பாட்டு வினையில் செயப்படுபொருள் எழுவாயிடத்தைப் பெறும். செய்தவர் வாக்கியத்தில் இடம்பெறாமலே பொருள் முற்றுப்பெறும். இப்பெயரிலும் வைத்தவர் யார் என்பது கூறப்படவில்லை. தாயின் பெயரை வெளிப்படுத்தாமல் குழந்தையை ஏற்றுக்கொள்வதே அறநிலையத்தின் விதி. அவ்விதியைச் சொல்லின் இலக்கணமே நிறைவேற்றித் தருகிறது.

இதே நிகழ்ச்சி வேறு ஊர்களில் வேறு சொற்களால் பெயராயிற்று. உரோமையிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் மிகுந்து வழங்கும் 'புரொயெத்தி' என்பது 'எறியப்பட்டவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. சிசிலித் தீவில் வழங்கும் 'த்ரொவாத்தோ' என்பது 'கண்டெடுக்கப்பட்டவன்' எனப் பொருள்படும். மூன்றும் செயப்பாட்டு வடிவங்களே. ஆயினும் முதல் இரண்டும் விட்டுச்சென்றவரின் செயலைக் குறிக்க, மூன்றாவது எடுத்துக்கொண்டவரின் செயலைக் குறிக்கிறது. 'தியோத்தல்லேவி' என்னும் பெயர் 'இறைவன் உன்னை வளர்ப்பாராக' என்று விரியும். தமிழில் இது வாழ்த்துப் பொருளில் வந்த வியங்கோள் எனப்படும். இடைக்காலத்தில் எந்தக் குழந்தைக்கும் இடத்தக்க வாழ்த்துப் பெயராக இது இருந்தது. பெற்றோரற்ற குழந்தைகளுக்கும் பொருத்தமாகக் கொள்ளப்பட்டது.

நேப்பிள்ஸ் நகரின் மங்கள வார்த்தை இல்லம்

எஸ்போசித்தோ என்னும் பெயரின் வரலாறு நேப்பிள்ஸ் நகரின் அனுன்சியாத்தா இல்லத்தோடு பிரிக்கவியலாதது. கபிரியேல் தூதர் மரியாவுக்கு உரைத்த மங்கள வார்த்தையின் பெயரால் 14ஆம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற இவ்வறநிலையம் கோயில், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை ஒருங்கே கொண்டிருந்தது. அரச குடும்பத்தாரும் செல்வரும் வழங்கிய நிலங்களும் வருவாய்களும் அதனைத் தென்னித்தாலியின் பெரும் நிறுவனங்களுள் ஒன்றாக்கின. 1587இல் அது தனக்கென ஒரு வங்கியையும் தொடங்கியது. அவ்வங்கி 1702இல் முறிந்தபோது இல்லத்தின் பொருள்நிலையும் தளர்ந்தது. 1757ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த கோயிலை லுய்ஜி வான்வித்தெல்லி என்னும் கட்டடக் கலைஞர் மீண்டும் எழுப்பத் தொடங்கினார். அவர்தம் மகன் அதனை முடித்தார்.

இல்லத்தின் தெருச்சுவரில் ஒரு திறப்பு உண்டு. அதனுள் செங்குத்தான அச்சில் சுழலும் மர உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. 'ருவோத்தா', அதாவது சக்கரம், என அது வழங்கப்பெற்றது. உருளையின் ஒரு பக்கம் திறந்திருக்கும். குழந்தையைத் தெருப்பக்கமிருந்து அதனுள் வைத்துச் சுழற்றினால் குழந்தை உட்பக்கம் சென்றுவிடும். உள்ளே இரவும் பகலும் காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வார். வைத்தவரும் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் காணுதல் இயலாது. 1875இல் மூடப்பட்ட அத்திறப்பை இன்றும் அத்தெருவில் காணலாம்.

உள்ளே வந்த குழந்தை உடனடியாகப் பதிவேட்டில் ஏறும். வந்த நாள், நேரம், மதிப்பிடப்பட்ட வயது, உடுத்தியிருந்த துணி, உடலில் கண்ட அடையாளம், உடன் வைக்கப்பட்ட பொருள் ஆகியன எழுதப்படும். திருமுழுக்குப் பெற்றதா என ஐயம் எழுந்தால் முறைப்படி திருமுழுக்கு அளிக்கப்படும். கழுத்தில் ஈய முத்திரை கோத்த கயிறு கட்டப்படும். பின்னர்ச் செவிலித்தாய் ஒருத்தியிடம் குழந்தை ஒப்படைக்கப்படும். இல்லத்துக்குள்ளேயே இருந்த செவிலியர் சிலர். ஊதியம் பெற்றுத் தம் சிற்றூர்களில் குழந்தைகளை வளர்த்த செவிலியர் பலர். நெரிசலாலும் நோயாலும் பாலின்மையாலும் முதலாண்டிலேயே இறந்த குழந்தைகள் மிகப் பலர். பிழைத்த ஆண்பிள்ளைகள் தொழில் கற்கவும் வேளாண் குடும்பங்களில் பணிபுரியவும் அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் அளித்துத் திருமணம் முடித்துவைப்பதும் இல்லத்தின் கடமையாக இருந்தது.

நகர மக்கள் இக்குழந்தைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்று அன்போடு குறிப்பிட்டனர். பதிவேடு அவர்களை 'எஸ்போசித்தோ' என்று குறித்தது. முந்தையது தாயைக் கொடுக்கும் பெயர். பிந்தையது தாயின்மையைச் சொல்லும் பெயர். வளர்ந்தபின் ஒப்பந்தத்திலும் திருமணப் பதிவிலும் படைப்பட்டியலிலும் அவர்களோடு சென்றது பிந்தையதே.

கைவிட்டவர் யாவர்?

இப்பெயர் உடையோர் அனைவரும் திருமணத்துக்குப் புறம்பே பிறந்தோரின் வழியினர் எனக் கருதுவது பொதுவழக்கு. அக்கருத்து முழுமையானதன்று. இத்தாலியில் குழந்தை கைவிடலை ஆராய்ந்து 1993இல் நூல் வெளியிட்ட டேவிட் கெர்ட்சர், மணமாகாத தாய்மார்மீது சமயமும் சமூகமும் செலுத்திய கடும் அழுத்தத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். குடும்ப மானம் காக்கும் பொருட்டுத் தாயினின்றும் குழந்தை பிரிக்கப்பட்டது என்பது அவர் ஆய்வின் மையம். மிலான் நகரக் குழந்தைகளை ஆராய்ந்த ஃபோல்கர் ஹுனெக்கெ, 19ஆம் நூற்றாண்டில் அங்கு விடப்பட்டோரில் முறையாக மணந்த பெற்றோரின் குழந்தைகளும் பெருந்தொகையினர் எனக் காட்டினார். ஆலையிலும் பிறர் வீட்டிலும் உழைத்த தாய்மார், பாலூட்டும் காலம்வரை குழந்தையை நிறுவனத்திடம் விட்டுப் பின் மீட்டுக்கொள்ளவும் முயன்றனர்.

மீட்கும் எண்ணத்துக்குப் பொருட்சான்றும் உள்ளது. புளோரன்ஸ் நகர இல்லத்தின் காப்பகத்தில் இரண்டாக முறிக்கப்பட்ட பதக்கங்களும் நாணயங்களும் பாதுகாக்கப்பட்டுள்ளன. குழந்தையோடு ஒரு பாதி வைக்கப்பட்டது. மறுபாதி பெற்றோரிடம் இருந்தது. என்றேனும் திரும்பி வந்து இரு பாதிகளையும் பொருத்திக் காட்டினால் இக்குழந்தை எம்முடையது என நிறுவலாம். 'வெளியே வைக்கப்பட்டவன்' என்னும் பெயர் இந்த எதிர்பார்ப்பைத் தன்னுள் கொள்ளவில்லை. பெயர் தரும் செய்தியையும் பொருள் தரும் செய்தியையும் சேர்த்துப் படிக்கும்போதே கைவிடல் என்னும் செயலின் இயல்பு விளங்கும்.

பிற நகரங்கள்: சின்னமும் கட்டடமும் பெயராதல்

புளோரன்ஸ் நகரின் 'மாசில்லாக் குழந்தைகள் இல்லம்' பட்டு வணிகர் கழகத்தால் 1419இல் தொடங்கப்பெற்றது. புருனெல்லெஸ்கி வரைந்த முகப்பும், பின்னர் ஆந்திரேயா தெல்லா ரொப்பியா அதில் பதித்த துணி சுற்றிய குழந்தைகளின் வட்டச் சிற்பங்களும் புகழ்பெற்றவை. 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை அங்கு வந்து சேர்ந்தது. அது பெண் குழந்தை. ஆகத்தா ஸ்மெரால்தா எனப் பெயரிடப்பட்டது. இல்லத்தின் பெயரால் 'இன்னொச்செந்தி', 'நொச்செந்தீனி' ஆகிய குடும்பப் பெயர்கள் தோன்றின. வளர்ந்த இடத்தின் பெயர் வளர்ந்தவர்க்கு ஆகி வந்தமையால் இவற்றை ஆகுபெயர் எனலாம்.

மிலான் நகரின் பெருமருத்துவமனை புறாவைச் சின்னமாகக் கொண்டது. அங்கு ஏற்கப்பட்ட குழந்தைகளுக்குப் புறாவைக் குறிக்கும் 'கொலொம்போ' என்பது குடும்பப் பெயராக இடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. எனினும் மிலானிலும் அதனைச் சூழ்ந்த லொம்பார்தியாவிலும் இன்றும் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. கொலொம்போ எனப் பெயர் பெற்றோர் அனைவரும் அம்மருத்துவமனைக் குழந்தைகளின் வழியினர் ஆகார். கடலோடி கொலம்பஸின் குடும்பமும் கொலொம்போ என்பதே. அவர் செனோவா நகரக் கம்பளி நெசவாளர் ஒருவரின் மகன். புறா வளர்த்தோர்க்கும், அப்பெயரைத் தனிப்பெயராகக் கொண்டிருந்தோரின் மக்களுக்கும் அது குடும்பப் பெயராகியிருக்கிறது. இலங்கையின் கொழும்பு நகர்ப் பெயர் உரோமன் எழுத்தில் இதனோடு ஒத்திருப்பினும் இரண்டுக்கும் தொடர்பில்லை. எழுத்தொப்புமை ஒன்றையே கொண்டு பிறப்பு வழியை முடிவுசெய்தல் ஆகாது என்பதற்கு இவை போதிய சான்றுகள். எஸ்போசித்தோ இவ்வகையில் வேறுபட்டது. அதற்கு வேறு பொருள் கற்பித்தல் அரிது. அதன் காரணம் ஒன்றே.

சட்டத்தின் தலையீடு

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நேப்பிள்ஸ் அரசில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் குடிமைப் பதிவு 1809ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. கோயிற் பதிவேட்டோடு அரசுப் பதிவேடும் பெயரை நிலைப்படுத்தியது. 1808 முதல் 1815 வரை அங்கு ஆண்ட யோவாக்கிம் மூராவின் அரசு, கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்னும் பெயரை இடுவதைத் தடைசெய்தது. பிறப்பின் நிலையை வாழ்நாள் முழுவதும் பறைசாற்றும் பெயரைச் சுமத்துதல் தகாது என்பது அத்தடையின் உட்கிடை.

தடை, புதிதாகப் பெயரிடுவதையே நிறுத்தியது. முன்னரே அப்பெயரைப் பெற்றோரிடமிருந்தும் அவர்தம் மக்களிடமிருந்தும் அதனை நீக்கவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் இரு போக்குகள் ஒருசேர நிகழ்ந்தன. முன்பு எஸ்போசித்தோ எனப் பெயர் பெற்றோரின் குடும்பங்கள் பெருகின. புதிதாக வந்த குழந்தைகளோ பதிவாளர் புனைந்த பல்வேறு பெயர்களைப் பெற்று மக்கள் வெள்ளத்தில் அடையாளமின்றிக் கலந்தனர்.

பரவலும் அதன் காரணங்களும்

எமீதியோ தெ ஃபெலிச்செ தொலைபேசிச் சந்தாதாரர் பட்டியல்களைக் கொண்டு இத்தாலியக் குடும்பப் பெயர்களை அளவிட்டு 1980இல் நூல் வெளியிட்டார். நாடு முழுமைக்கும் எஸ்போசித்தோ முதற் பத்துப் பெயர்களுள் அடங்கும். கம்பானியாப் பகுதியில் செறிந்து, நேப்பிள்ஸ் நகரில் முதலிடம் பெறும். ஒற்றை மூதாதையிடமிருந்து பிறக்காத ஒரு பெயர் இத்துணைச் செறிவு பெற்றமைக்குப் பின்வரும் காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, நிறுவனத்தின் தொடர்ச்சி. ஒரே இல்லம் தலைமுறை தலைமுறையாக ஒரே சொல்லை எல்லாக் குழந்தைகளுக்கும் இட்டது. இரண்டாவது, அவ்வில்லத்தின் ஈர்ப்பெல்லை. நகரக் குழந்தைகள் மட்டுமன்றி மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்தும் குழந்தைகள் நேப்பிள்ஸுக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்றாவது, செவிலியர் வழிப் பரவல். சிற்றூர்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் அங்கேயே தங்கி மணந்து குடும்பம் கண்டனர். நகரில் பிறந்த பெயர் வயல்வெளிகளுக்குச் சென்றது. நான்காவது, இடப்பெயர்வு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தென்னிலத் தொழிலாளர் மிலான், துரின் முதலிய வடபுல ஆலை நகரங்களுக்குச் சென்றபோது பெயரும் உடன் சென்றது.

இப்பரவலைப் படிப்பதில் மூன்று தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். எஸ்போசித்தோ எனப் பெயர் பெற்ற இருவர் உறவினர் ஆகவேண்டுவதில்லை. பெயரொப்புமை இங்கு நிறுவன ஒப்புமையே. பெயரின் மிகுதி கைவிடப்பட்ட குழந்தைகளின் தொகைக்கு நேரான அளவுகோலும் அன்று. குடும்பப் பெயர் தந்தை வழியே சென்றமையால், பிழைத்து வளர்ந்து மணந்த ஆண்பிள்ளைகள் வழியாக மட்டுமே அது தொடர்ந்தது. இறந்துபோன பெருந்தொகையினரும், மணந்து பிற குடும்பப் பெயருடைய மக்களைப் பெற்ற பெண்களும் இப்பெயர்க் கணக்கில் இடம்பெறுவதில்லை. மூன்றாவதாக, இத்தகைய பெயர் குறைந்த பகுதிகளில் குழந்தைகள் கைவிடப்படவில்லை என்னும் முடிவும் பொருந்தாது. இத்தாலியில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகள் சக்கரத்தில் வைக்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, குடும்பப் பெயர் வரைபடத்தில் ஏறத்தாழ மறைந்தே கிடக்கிறது. பலவகைப் பெயர்களை இடும் வழக்கம் அதனை மறைத்துவிட்டது. எனவே இப்பெயரின் பரவல் எத்தனை குழந்தைகள் விடப்பட்டனர் என்பதைவிட, நிறுவனம் எவ்வாறு பெயரிட்டது என்பதையே தெளிவாகக் காட்டுகிறது.

காரணம் இடுகுறியாதல்

'முள்ளி' என்பதைக் காரண இடுகுறிக்குச் சான்றாகக் காட்டுவது தமிழிலக்கண மரபு. காரணம் கருதினால் முள்ளுடைய எல்லாச் செடிக்கும் அப்பெயர் பொருந்தும். காரணம் கருதாது வழங்கும்போது ஒரு செடியை மட்டும் இடுகுறியளவாய்ச் சுட்டும். எஸ்போசித்தோவும் இந்நிலையை அடைந்தது. முதல் தலைமுறையில் அது முழுமையான காரணப் பெயர். அப்பெயருடையவனின் மகன் தாயும் தந்தையும் அறியப்பட்ட வீட்டில் பிறந்தவன். அவனளவில் பெயரின் காரணம் பொய்த்துவிட்டது. அவனுக்கு அது தந்தையின் பெயர், அவ்வளவே.

இம்மாற்றத்துக்குச் சொல்வடிவிலேயே சான்று உள்ளது. சொரெந்தோ தீபகற்பத்தில் மிகுந்து காணப்படும் 'தெஸ்போசித்தோ' என்னும் வடிவம் 'எஸ்போசித்தோவின் வழிவந்தவர்' என்னும் உறவுப் பொருள் கொண்ட முன்னொட்டைப் பெற்றுள்ளது. தந்தை பெயரால் அமைந்த 'தெ லூக்கா' என்பதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடில்லை. குடிவழி இன்மையைக் குறித்த சொல்லே ஒரு குடிவழியின் முதற்பெயராகிவிட்டதை இம்முன்னொட்டு உணர்த்துகிறது.

அரசாணை செய்யமுடியாத ஒன்றை வழக்கு செய்தது என்பதையும் கருதவேண்டும். ஒரு தெருவில் ஒருவருக்கு மட்டும் இப்பெயர் இருந்தால் அது பழிச்சொல். தச்சனும் வழக்கறிஞனும் குருவும் படைவீரனும் இப்பெயரே கொண்டிருந்தால் பழிக்க ஒருவரும் எஞ்சார். 1889இல் அரசி மார்கெரீத்தாவுக்குப் பீட்சா செய்தளித்தார் என மரபுச் செய்தி கூறும் நேப்பிள்ஸ் சமையற்காரர் ரஃபயேலே எஸ்போசித்தோவின் பெயர், அச்செய்தியின் உண்மையை வரலாற்றாளர் ஐயுற்றபோதும், நகரின் பெருமைச் சொல்லாகவே வழங்குகிறது.

கடல் கடந்த பெயர்

1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1.4 கோடி இத்தாலியர் தாய்நாட்டை விட்டு வெளியேறினர். நேப்பிள்ஸ் துறைமுகம் அவர்களுள் பலரின் புறப்பாட்டு வாயில். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் எஸ்போசித்தோ குடும்பங்கள் வேரூன்றின. இத்தாலியில் இரண்டாம் அசையில் விழும் அழுத்தம் ஆங்கிலம் பேசுவோர் நாவில் மூன்றாம் அசைக்கு நகர்ந்தது. 1942இல் கனடாவின் ஒண்டாரியோவில் பிறந்த பனிவளைகோல் ஆட்டவீரர் ஃபில் எஸ்போசித்தோவும், நேப்பிள்ஸைச் சேர்ந்த தந்தைக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய்க்கும் 1958இல் கோபன்ஹேகனில் பிறந்த நடிகர் சான்கார்லோ எஸ்போசித்தோவும் இப்பெயரை உலகறியச் செய்தோர். புதிய நாட்டில் இப்பெயரைக் கேட்பவர்க்கு அது இத்தாலியரைக் குறிக்கும் பெயர். கைவிடலைக் குறிக்கும் பெயர் அன்று. சொல்லின் பொருள் அறியாதார் நடுவே அது முற்றும் இடுகுறியாயிற்று.

இத்தகைய மாற்றம் புலம்பெயர் தமிழரும் அறிந்ததே. இலங்கைத் தமிழர் கணிசமாக வாழும் பலெர்மோ நகரிலும், பிற ஐரோப்பிய நகரங்களிலும், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் பலர் தந்தையின் பெயரை நிரப்புகின்றனர். ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதாய் இருந்த பெயர் இவ்வாறு வழிவழிப் பெயராகிறது. படிவத்தின் ஒரு கட்டம் மரபைத் தோற்றுவிக்கும் ஆற்றல் உடையது என்பதை எஸ்போசித்தோவின் வரலாற்றோடு ஒப்புநோக்கலாம்.

இன்றைய சட்டமும் எஞ்சிய வினாவும்

இருபதாம் நூற்றாண்டிலும் இத்தாலிய ஆவணங்கள் பெற்றோர் பெயர் அறியப்படாதாரை இரண்டு எழுத்துக் குறியால் வேறுபடுத்தின. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அன்றாட ஆவணங்களில் பெற்றோர் பெயர் குறிக்கும் வழக்கத்தையே நீக்கி இவ்விழிவைத் துடைத்தது. 2000ஆம் ஆண்டுக் குடிமைப் பதிவு விதிகளின்படி பெற்றோர் அறியப்படாத குழந்தைக்குப் பதிவு அலுவலர் பெயரும் குடும்பப் பெயரும் இடுகிறார். பிறப்பின் நிலையை உணர்த்தும் பெயரை இடலாகாது. வரலாற்றுச் சிறப்புடைய குடும்பப் பெயரையோ அவ்வூரில் நன்கறியப்பட்ட குடும்பத்தின் பெயரையோ இடலாகாது. அதாவது, எதனையும் சுட்டாத தூய இடுகுறிப் பெயரையே சட்டம் வேண்டுகிறது. எஸ்போசித்தோ பல தலைமுறைகளில் அடைந்த நிலையைப் புதிய குழந்தைக்கு முதல் நாளிலேயே அளிப்பது அதன் நோக்கம். தந்தையின் குடும்பப் பெயரைத் தானாகவே குழந்தைக்கு இடும் முறை அரசியலமைப்புக்கு முரணானது என அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்து, இரு பெற்றோரின் பெயரையும் பொதுவிதியாக்கியது.

எதையும் சொல்லாத பெயர் குழந்தையைப் பழியினின்றும் காக்கிறது. எனினும், தன் பிறப்பை அறிய விழையும் ஒருவர்க்கு அது விடை தருவதில்லை. பெயர் வெளியிட விரும்பாத தாயின் உரிமையை இத்தாலியச் சட்டம் காக்கிறது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தாயின் மறைவுரிமைக்கும் பிள்ளையின் அறியும் உரிமைக்கும் இடையே இத்தாலி சமநிலை காணவில்லை என இடித்துரைத்தது. அடுத்த ஆண்டு, தாயின் முடிவை அவரிடம் மீண்டும் மந்தணமாகக் கேட்டறிய வழி வேண்டும் என நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. முறிந்த பதக்கத்தின் பாதியை வைத்துச்சென்ற பெற்றோர் வேண்டிய அதே வாய்ப்பை, மறுமுனையிலிருந்து பிள்ளைகள் இன்று நீதிமன்றத்தில் வேண்டுகின்றனர்.

முடிவுரை

எஸ்போசித்தோ என்னும் பெயரின் வரலாறு, பெயராய்வில் சொற்பிறப்பு ஒன்றே போதாது என்பதைக் காட்டுகிறது. சொல்லின் வேர், அதனை இட்ட நிறுவனம், எழுதிய பதிவேடு, தடுத்த சட்டம், சுமந்து சென்ற மக்கள் ஆகிய அனைத்தையும் இணைத்துக் காணும்போதே பரவலின் பொருள் புலனாகும். கைவிடப்பட்ட குழந்தைகளின் தொகையை அப்பெயர் துல்லியமாகச் சொல்லாது; ஆயினும் அக்குழந்தைகளுள் பிழைத்து வளர்ந்து குடும்பம் கண்டோர் இருந்தனர் என்பதற்கு அது ஐயமற்ற சான்று. ஒவ்வொரு எஸ்போசித்தோ குடும்பத்தின் தொடக்கத்திலும் சக்கரத்தின் உட்புறம் உயிரோடு எடுக்கப்பட்ட ஒரு குழந்தை உண்டு. அதன் வருகையை நாளும் நேரமும் குறித்து வைத்த பதிவேடுகள் நேப்பிள்ஸ் இல்லத்தில் இன்றும் ஆய்வாளரை எதிர்நோக்கி இருக்கின்றன.